வாடகைக்கு வர இருந்தவள்

என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தி பிறந்து வர வேண்டும் என்று சவடால் அடித்துக்கொண்டிருந்தவள் நான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை. யாருக்கு நிஜமாகவே பல்வலி, யார் டாக்டரிடம் எம்சி சீட்டு வாங்கி லீவு போட வந்திருக்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முகமே தெரியாத ஒருத்தியிடம் அந்தச் சாமர்த்தியம் எடுபடவில்லை.

ஆறு வருடம் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட தோழி கல்யாணமாகி காஜாங்குக்குப் போய்விட்டாள். முழு வாடகையைத் தனியாகக் கட்ட எனக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த மாதத்துக்குள் ஆள் வராவிட்டால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இணையத்தில் அறை தேடுகிறவர்களின் குழு ஒன்றில் விளம்பரம் போட்டேன். ‘தமிழ்ப் பெண்கள் மட்டும்’ என்று மறக்காமல் சேர்த்தேன். நம்ம பெண் என்றால் பயமில்லை என்ற நினைப்பு. அந்த நினைப்பை இப்போது எண்ணினால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

வந்து பார்த்தவர்களில் ஒருத்தி காதலனையும் கூட்டிக்கொண்டு வந்து, வார இறுதியில் அவரும் தங்கலாமா என்றாள். இன்னொருத்தி குளியலறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவதாக வந்தது ஒரு குறுஞ்செய்தி.

“அக்கா, வீட்டுல சாமி மேடை இருக்கா? நான் கத்தோலிக்கப் பொண்ணு. ரூம்ல ஒரு மாதா படம் மாட்டிக்கலாமா? உங்களுக்கு ஓகேன்னாதான் லா.”

நான் உருகிப் போனேன். திருட்டுக்கு வருகிறவள் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்பாளா? அன்று மாலையே ஒரு கொக்கி வாங்கி, நானே சுவரில் அடித்து, படமெடுத்து அனுப்பினேன். “ரொம்ப தேங்க்ஸ்க்கா” என்று பதில் வந்தது.

ஜொகூரில் வேலை, கே.எல். கிளைக்கு மாற்றல், அதனால் நேரில் வந்து பார்க்க முடியவில்லை என்றாள். இரண்டு வாரம் பேசினோம். எழுத்தில்தான். காலையில் நான் பசியாறினேனா என்று கேட்பாள். அவளுக்கு ரசம் பிடிக்கும், கத்தரிக்காய் ஆகாது. கத்தரிக்காய் இல்லாமல் என்ன சாம்பார் வைப்பது என்றுகூட நான் யோசித்துவிட்டேன். ஆளில்லாத வீட்டில் ஆள் வருவதற்கு முன்பே சமைத்துப் போடத் தயாராகிவிட்ட பைத்தியம் நான்.

முன்பணத்தை அவள் கம்பெனியே செக்காகக் கட்டும் என்றாள். வெள்ளிக்கிழமை மெஷினில் செக் போட்ட ரசீதின் படம் வந்தது. என் கணக்கைத் திறந்து பார்த்தேன். தொகை ஏறியிருந்தது, ஆனால் பேசியதைவிட அதிகம். அடுத்த நிமிடமே அவளிடமிருந்து செய்தி.

“ஐயோ அக்கா, லோரிக்காரருக்குக் குடுக்க வேண்டியதையும் சேத்துப் போட்டுட்டாங்க. அவரு காசு வந்தாத்தான் சாமான் ஏத்துவேங்கறாரு. நீங்க கொஞ்சம் அனுப்பிடுறீங்களா?”

லிஃப்ட் பத்தாவது மாடிக்கு வந்து சேர்வதற்குள் அவள் கொடுத்த லோரிக்காரர் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுக் கீழே போய் நின்றேன். லோரி வரவில்லை. அவள் போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கணக்கில் ஏறிய தொகை இறங்கியிருந்தது. நான் அனுப்பியது மட்டும் போனது போனதுதான். வங்கிக் கவுன்டரில் இருந்த பெண் பாவப்பட்டுத்தான் சொன்னாள்.

“செக் திரும்பிடுச்சிக்கா. கணக்குல நம்பர் காட்டும், ஆனா காசு இன்னும் வந்து சேரலன்னு அர்த்தம். ரெண்டு நாள் பொறுத்திருக்கணும்.”

அங்கிருந்து நேராக போலீஸ் நிலையம். அதிகாரி அவளுடைய எண்ணையும் செய்திகளையும் வாங்கிக்கொண்டு, பொறுமையாக இருங்கள் என்று மலாய் மொழியில் சொன்னார். எனக்கு முன்னால் நான்கு பேர் இதே மாதிரிக் கதையோடு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்து, வாயில் வந்த வசவையெல்லாம் அவளுக்கு எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் பதில் வந்தது.

“சாரிக்கா. என்னை அடைச்சி வச்சிருக்காங்க. இப்படி ஏமாத்த ஆள் புடிக்கலேன்னா அடிப்பாங்க. அம்மா பண்டமாரான்ல இருக்காங்க. நான் உயிரோட இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க. இந்த நம்பர போலீசுல குடுத்துடாதீங்கக்கா.” கீழே ஒரு முகவரி.

நான்தான் ஏற்கெனவே கொடுத்துவிட்டேனே. நீ எங்கே இருக்கிறாய் என்று எழுதினேன். செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்தால் இரண்டாக வேண்டும். ஆகவே இல்லை.

இதுவும் நாடகமாக இருந்தால்? இரண்டு நாள் எனக்குள்ளேயே பட்டிமன்றம் நடத்தினேன். நாடகம் என்றால் நான் இன்னொரு முறை முட்டாள். நிஜம் என்றால் அவளைக் காட்டிக்கொடுத்தவள். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது. சனிக்கிழமை கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் போய், அங்கிருந்து பண்டமாரானுக்குக் கார் பிடித்தேன். தாயும் மகளும் கூட்டு என்றால் ஒரு கை பார்த்துவிடுவது என்று வழியெல்லாம் கருவிக்கொண்டே போனேன்.

முகவரியில் வீடு இருந்தது. கேட்டுக்கு உள்ளே ஒரு பெண்மணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“எவ்ளோம்மா எடுத்துட்டா?” என்றார்.

வழியெல்லாம் கருவிக்கொண்டு வந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. “அதெல்லாம் இருக்கட்டும் ஆன்டி” என்றேன்.

உள்ளே உட்கார வைத்தார். தாய்லாந்தில் வேலை என்று மகள் போய் ஒன்றரை வருடமாகிறது. போலீசில் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியாகிவிட்டது.

“நீங்க மூணாவது ஆளும்மா. மொதல்ல ஈப்போலேருந்து ஒருத்தரு வந்து கத்திட்டுப் போனாரு. அப்புறம் சிரம்பான் டீச்சரு. அவங்க வந்து நாலு மாசமாச்சி. அதுக்கப்புறம் யாரும் வரல. எம்பொண்ண முடிச்சிட்டாங்கன்னு நெனச்சிட்டேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு என்னைக்கும்மா மெசேஜ் வந்துச்சி?”

“புதன்கிழமை, ஆன்டி.”

“புதன்கிழமை.” முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஏமாந்து வந்து நிற்கிற ஒருத்தியைப் பார்த்து ஒரு தாய் அப்படிச் சந்தோஷப்பட்டதைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அவள் எண்ணை போலீசில் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லாமல் போனைத் திறந்தேன்.

“அம்மா நல்லா இருக்கேன், கோவமில்லன்னு போடும்மா” என்றார்.

அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன். அதே ஒற்றை டிக். அவர் தோளை ஒட்டி நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயிருச்சா?”

“போயிருச்சி ஆன்டி” என்றேன்.