முகம் காட்டப் போன பொலிஸ் நிலையம்

ஸ்கீவ என்ற இந்த டேனிஷ் சிறுநகரத்தின் பொலிஸ் நிலையத்தில் எனக்குக் கோப்பி தருவார்கள். இதை மன்னாருக்கு எழுதியபோது என் மனைவி றோசலின் நம்பவில்லை. நான் அடி வாங்கியதை மறைக்கிறேன் என்று நினைத்து மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பொலிஸ் நிலையத்துக்குள் நடந்து போன தமிழன் நடந்தே வெளியில் வந்தால் அது ஊருக்குப் பெரிய கதை. இங்கேயோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும், பன்றி வாடை போகக் குளித்து, அயன் பண்ணிய சட்டையைப் போட்டுக்கொண்டு நானாகவே போனேன். அங்கே முன்மேசையில் நீல்ஸ் என்று ஒரு பொலிஸ்காரர். தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை "சேர்" என்றே கூப்பிட்டேன்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். அகதி என்று ஏற்றுக்கொண்டவன் தன் மனைவியையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்பது இந்த நாட்டின் சட்டம். விண்ணப்பத்தை உள்ளூர்ப் பொலிஸில் கொடுக்க வேண்டும், முடிவெடுப்பது கோப்பன்ஹேகன். றோசலின், மூத்தவள் ஜெசிந்தா, இளையவன் அன்ரன் ஆகிய மூவருக்கும் எழுதி நீல்ஸின் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நானோ ஊரில் மன்னார்க் கச்சேரி என்னும் மாவட்ட அலுவலகத்தில் கிளாக்காக இருந்தவன். அரசாங்கக் கோப்பு எப்படித் தூங்கும், அதை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒன்றும் பேசாமல் எங்கள் மேசைக்கு முன்னால் நிற்கிறவனின் கோப்புத்தான் முதலில் மேலே போகும். அவன் தொல்லை தாங்காமல் நாங்களே அனுப்பிவிடுவோம். முகம் காட்டாதவனின் கோப்பு அடியில் போய்விடும். அதே வித்தையைத்தான் ஸ்கீவவில் காட்டினேன்.

என் டேனிஷ் அப்போது கால் போத்தல் அளவுதான். நீல்ஸ் கோப்பியை ஊற்றிவைத்து, மழை பற்றிச் சொல்வார்; என்ன சமைத்தாய் என்று கேட்பார். நான் "மீன்" என்பேன். ஆள் இளகி வருகிறார், இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை நின்றால் போதும் என்று எனக்குள் கணக்குப் போடுவேன். ஒருநாள் மேசைக்குள்ளிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துத் தந்தார். ஊர் மண்டபத்தில் பின்னேரங்களில் பட்மின்டன் விளையாடுகிறார்களாம். தனியாக இருக்கிற ஆண்களுக்கு நல்லது என்றார். எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. இத்தனை மாதமும் நான் பேச்சுத் துணைக்கு வருகிறேன் என்று மனிதர் நினைத்திருக்கிறார். "என் கோப்பு?" என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். அதை நான் கொடுத்த அன்றே கோப்பன்ஹேகனுக்கு அனுப்பிவிட்டதாகவும், இங்கே ஒரு தாளும் இல்லையென்றும் சொன்னார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால், அவர் நினைத்ததிலும் பெரிய பிழையில்லை. கிழமை முழுக்க என் முகத்தைப் பார்த்து வாய் திறந்து கதைத்தவர் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையில் கொம்யூன், அதாவது எங்கள் நகரசபை, குடும்பம் வரப்போகிறது என்று எனக்கு மூன்று அறை வீடே தந்திருந்தது. பிள்ளைகள் எப்போது வருகிறார்கள், பள்ளியில் இடம் வைக்கவா என்று அங்கிருந்த பெண் அடிக்கடி கேட்பாள். நான் ஒரு அறையில் படுத்து மற்ற இரண்டையும் கூட்டித் துடைத்துவந்தேன். சட்டம் வரலாம் என்கிறது, பொலிஸ் அனுப்பிவிட்டது, கொம்யூன் வீடு தந்துவிட்டது. பிறகு யார் மறிக்கிறார்கள் என்று எனக்குத் தலை வெடித்தது. ஹேர்னிங் என்ற அடுத்த நகரத்தில் இருந்த எங்கள் ஊர்த் தவம் அண்ணைதான் தொலைபேசியில் உடைத்துச் சொன்னார்.

"உன்ர பொலிஸ்காரனிலை பிழையில்லையடா. மேலை மந்திரி எங்கட ஆக்களின்ர கோப்புகளைத் தொடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாராம். எல்லாம் அப்பிடியே கிடக்குது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சின்னப் பூசாரிகள் எல்லாரும் நல்லவர்கள். பெரிய பூசாரி கோயில் கதவின் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு இருந்தார். மன்னாரிலோ ஒருநாள் ஹெலிகொப்டர் சூடு, ஒருநாள் ஊரடங்கு. கடிதம் தவறினால் எனக்குச் சோறு இறங்காது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஜெசிந்தாவுக்குப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை வளர்கிறாள் என்று பயந்த தகப்பனாக இருந்தேன்.

பிறகு விஷயம் வெளியே வந்தது. பத்திரிகைகள் எழுதின, பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள், கட்டிக் கிடந்த கோப்புகளை அவிழ்த்தார்கள். எனக்கும் பதில் வந்தது. றோசலின் வரலாம், அன்ரன் வரலாம். ஜெசிந்தாவுக்கு வயது கடந்துவிட்டது. விண்ணப்பம் கொடுத்த நாளில் அவள் சிறுபிள்ளை. திறந்து பார்த்த நாளில் பெரியவள். குமர்ப்பிள்ளையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று றோசலின் எழுதினாள். பின்னாலேயே ஜெசிந்தாவின் கடிதம் வந்தது. "அம்மாவையும் தம்பியையும் கூப்பிடுங்கோ அப்பா. தம்பி வளந்திட்டான், றோட்டிலை விடப் பயமாயிருக்கு. நான் மடத்திலை சிஸ்டர்மாரோடை நிக்கிறன்." அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் வாய்விட்டு அழுதேன். சில வருடங்கள் கழித்து, இதே விவகாரத்தில் அரசாங்கம் பதவி விலகியபோது, தொழிற்சாலையில் என் தோளில் தட்டி, தமிழர்கள் நீங்கள் எங்கள் அரசாங்கத்தையே விழுத்திவிட்டீர்கள் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கேட்டது என் பெண்சாதி பிள்ளைகளை மட்டும்தான்.

ஜெசிந்தாவின் சொல்லைக் கேட்டு அவர்கள் இருவரும் வந்து சேர்ந்த மறுவாரம், பதிவுக்காகப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். றோசலின் வாசலிலேயே நின்றுவிட்டாள். அன்ரனை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நீல்ஸ் மேசையைச் சுற்றி வெளியே வந்து, அவளிடம் கையை நீட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் பயந்து பயந்து கையைக் கொடுத்தாள், பிறகு விடவில்லை.

"இவர்தானே அனுப்பினவர்? மூத்தவளைக் கூப்பிட ஏலுமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். அது தன் கையில் இல்லை, வயது கடந்துவிட்டது, மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றார். அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப ஆரின்ர கையிலை எண்டு கேளுங்கோ."

நான் மொழிபெயர்ப்பேன் என்று நீல்ஸ் என் முகத்தைப் பார்த்தார். கேட்டால் அவர் கோப்பன்ஹேகன் என்பார். கோப்பன்ஹேகன் சட்டம் என்பார்கள். சட்டம் வயது என்னும். அந்த வயதை ஏற்றிவிட்டவர் யார் என்று சொல்ல அந்த அறையில் ஒருவருமில்லை. உங்களுக்கு நன்றி சொல்கிறாள் என்று டேனிஷில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. நல்வரவு, குளிர் வருகிறது, பையனுக்குச் சப்பாத்து வாங்கு என்றார்.

"என்னவாம்?" என்று றோசலின் கேட்டாள்.

"பாப்பமாம்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் அவருடைய கையை விட்டாள்.