பன்னிரண்டு டிகிரி

கார்குழலிக்கு முனைவர் பட்டம் கிடைக்காமல் போனதற்கு அவளேதான் காரணம் என்று துறையில் சொல்வார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் ஏதாவது ஒரு கல்லூரியில் நிரந்தர வேலையில் இருந்திருப்பாளாம்.

மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவரின் மகள். நெல்லித்தோப்பிலிருந்து பஸ் பிடித்துப் போய் வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்தாள். அலுமினியத் தகட்டில் ஒரு பூச்சு பூசினால் சூடு சீக்கிரம் இறங்கும் என்பது அவளுடைய பேராசிரியர் சுப்பிரமணியனின் கட்சி. பூசிய தகடு, பூசாத தகடு இரண்டையும் சூடாக்கி, விசிறிக் காற்றில் வைத்து, தெர்மோகப்பிளால் அளக்க வேண்டும். அது ஒன்றும் பெரிய கருவி இல்லை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளைச் சேர்த்துப் பற்றவைத்தது, அவ்வளவுதான். முனை எதைத் தொடுகிறதோ அதன் சூட்டைச் சொல்லும். பூசிய தகட்டில் பன்னிரண்டு டிகிரி குறைவாகக் காட்டியது. பேராசிரியர் அதைக் கட்டுரையாக்கி மாநாடு மாநாடாகப் பேசிவிட்டு வந்தார்.

ஒருநாள் அவள் விசிறியை நிறுத்தியபோது பூசிய தகட்டின் அளவு மட்டும் மளமளவென்று ஏறியது. அவ்வளவு தடித்த தகடு நொடியில் சூடேறாது. குனிந்து பார்த்தாள். சொரசொரப்பான பூச்சில், முனையைப் பிடித்திருந்த டேப் சரியாக ஒட்டாமல் முனை மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் அது பாதிக்குப் பாதி காற்றைத்தான் அளந்திருக்கிறது. இரண்டு தகட்டிலும் சிறு பள்ளம் தோண்டி, முனையைப் பதித்து, கம்பியைக் கொஞ்ச தூரம் தகட்டோடு படியவிட்டு மறுபடி அளந்தாள். பன்னிரண்டு டிகிரி போன இடம் தெரியவில்லை.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா பேப்பர் வந்துடுச்சே. பழைய ரீடிங்கையே வச்சு எழுது" என்றார் சுப்பிரமணியன்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் எழுதறது?"

"அப்ப எழுதாத."

கோபமே படவில்லை. நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர்; கெடுதலைக்கூடச் சிரித்த முகத்தோடுதான் செய்வார். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடு முடியும்வரை அதில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். பிறகு பாவம் பார்த்து, அதே ஆய்வகத்தில் ஒப்பந்த உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்தார். வேறு போக்கிடம் இல்லாமல் அவளும் வாங்கிக்கொண்டாள். அந்த வெட்கம் அவளை விட்டுப் போகவேயில்லை.

அவள் இடத்துக்குச் செம்மல் என்ற மாணவன் வந்தான். அதே தகடு, அதே பூச்சு.

"முனைய எப்படிக்கா வைக்கணும்?"

தன்னையும் மதித்து ஒருவன் கேட்கிறானே என்று அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது. "நல்லா பதிஞ்சி இருக்கணும். தூக்கினா காத்த அளக்கும். கம்பி நேரா வெளிய போனா, அதுவே சூட்ட இழுத்துக்கும். ரெண்டுலயும் கொறச்சுதான் காட்டும்."

"எவ்ளோ தூக்கினா எவ்ளோ கொறையும்?"

தூக்கிக் காட்டினாள், அழுத்திக் காட்டினாள். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிற பிள்ளை உருப்படும் என்று நினைத்தாள்.

செம்மலின் தகடும் பன்னிரண்டு டிகிரி குறைத்துக் காட்டியது. போய்ப் பார்த்தாள். பூசாத தகட்டில் முனை அவள் சொன்னபடி அழகாகப் பதிந்திருந்தது. பூசிய தகட்டில், வேண்டிய அளவுக்கு மட்டும் தூக்கியிருந்தது.

"என்னாடா இது?"

"சாருக்கு இந்த நம்பர்தான் வேணுமாம். நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க."

கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவன் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, வைவா அன்றைக்கு எல்லோர் முன்னாலும் இதைக் கேட்டே தீர்வது என்று முடிவு செய்தாள். வேலை போனால் போகட்டும்.

வைவாவில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அளவீட்டில் பிழை வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கேட்டார். செம்மல் அவள் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தான். தேர்வாளர் மெச்சிக்கொண்டார். பிறகு வழக்கப்படி, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்.

கடைசி வரிசையில் கார்குழலி எழுந்து நின்றாள். எல்லாத் தலைகளும் திரும்பின.

சுப்பிரமணியன் சிரித்தார். "கார்குழலி, டீ வந்துடுச்சான்னு பாரும்மா."

அவள் பார்க்கப் போனாள். வந்திருந்தது. எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு முதல் ஆளாகச் செம்மலை டாக்டர் என்று கூப்பிட்டதும் அவள்தான்.