ஸ்கூட்டர் மட்டும் போய்ச் சேர்ந்தது

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி சுமதியை ரோட்டில் விழ வைத்தேன். ஒரு தடவை இல்லை. பக்கத்தில் வைத்த காபி ஆறி, ஆடை கட்டிப் போகும் வரை... திரும்பத் திரும்ப.

பதறாதீர்கள் — லேப்டாப்பில்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எனக்குச் சும்மா உட்கார வராது. சீர்காழியில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். கீபோர்டு கற்றுக்கொள்ளப் பார்த்தேன். மாடியில் தோட்டம் போட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்தேன். அதை மறுபடி பூட்ட முடியவில்லை என்பதால் புது மிக்சி வாங்கினோம்.

இப்போது பிடித்திருப்பது கம்ப்யூட்டர் கேம். விளையாடுவது இல்லை, செய்வது! தலை நரைத்த பிறகு இது தேவையா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுக்கொண்டேன். பதில் வருவதற்குள் மென்பொருளை இறக்கிவிட்டேன்.

கேம் ரொம்பச் சின்னது. ஒரு டீச்சர் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிறார். குறுக்கே ஆடு வரும். எதிரே டவுன் பஸ் வரும். ரோட்டையே அடைத்துக்கொண்டு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகும். எல்லாவற்றிலும் தப்பித்து, பெல் அடிப்பதற்குள் பள்ளிக்கூட வாசலைத் தொட வேண்டும். தொட்டால் 'வெற்றி!' என்று வரும்.

அந்த டீச்சர் சுமதிதான். பூம்புகார் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளியில் அவளுக்கு வேலை. வருஷக்கணக்காக வண்டியில்தான் போய்வந்தாள். நான் பைக்கை உருட்டி வாசலுக்குக் கொண்டுவருவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

போன சம்பா அறுவடையில் அது நின்றுபோனது.

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் பாதி ரோடு களமாகிவிடும். ஈர நெல்லைக் கொள்முதலுக்குக் கொண்டுபோக முடியாது. காயவைக்க வேறு இடமும் இல்லை. தாரின் மேல் பரப்பி, ஓரத்தில் அடையாளத்துக்குக் கல் வைத்துவிடுவார்கள். அன்று எதிரே பஸ் வந்தது. சுமதி ஒதுங்கினாள். சக்கரம் நெல்லில் ஏறியது... வழுக்கியது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

மாவுக்கட்டுப் போட்டார்கள், பிறகு பிரித்தார்கள். கை சரியாகிவிட்டது. ஆனால் வண்டியை மட்டும் அவள் தொடவில்லை. பேட்டரி போய்விடக் கூடாதே என்று வாரம் தவறாமல் நான்தான் அதை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறும விட்டு, அணைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவதும் மாலையில் அழைத்து வருவதும் என் வேலை ஆயிற்று. எனக்கு வகுப்பு நீண்டுவிட்டால், பள்ளிக்கூட வாசலில் புளியமரத்தடியில் அவள் நின்றுகொண்டிருப்பாள். பின்னால் ஏறி உட்காருவாள். வீடு வரும் வரை இரண்டு பேருமே பேச மாட்டோம்.

பயம், என்று முடிவு கட்டினேன். விழுந்தவளுக்குப் பயம் வராதா?

அந்தச் சமயத்தில்தான் கேம் வேலையை ஆரம்பித்தேன். அவளையே கதாநாயகியாக வைத்தால் உற்சாகம் வரும், விளையாடி விளையாடிப் பயம் போய்விடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. கணக்கு வாத்தியார் அல்லவா?

ஆரம்பத்தில் அவளுக்கும் பிடித்திருந்தது. காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள். "என் வண்டி இவ்ளோ சிவப்பாவா இருக்கு? கேவலமா இருக்குங்க," என்பாள். கலரை மாற்றுவேன். "ஹேண்ட்பேக்க எங்க காணோம்?" என்பாள். தோளில் மாட்டிவிடுவேன்.

இதற்கு நடுவே கெடுத்தவர் பாலு. எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற இளைஞர். கேமை அவருடைய போனுக்கு அனுப்பியிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார், ஓட்றது ஓகேதான். ஆனா அவங்க விழறாங்க பாருங்க, அதுதான் சார் செம! இன்னும் பெருசா விழ வைங்க. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் பறக்கணும்."

கைதட்டலுக்கு மயங்காதவர் உண்டா? விழ வைப்பதில் இறங்கினேன். அதில்தான் வினை வந்தது. பெருசாக விழுந்த சுமதி எழுந்திருக்கவில்லை. கோடிங்கில் எங்கேயோ பிழை. எந்த பட்டனை அழுத்தினாலும் அவள் ரோட்டில் அப்படியே கிடப்பாள். அதைவிட விசேஷம் — ஸ்கூட்டர் தானாக எழுந்து, தனியாக ஓடி, ஆட்டையும் பஸ்ஸையும் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலைத் தொட்டுவிடும். 'வெற்றி!' என்று மின்னும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மல்லுக்கட்டியது இதோடுதான். ஒரு வரியை மாற்றுவேன், விழ வைப்பேன். எழ மாட்டாள். இன்னொரு வரியை மாற்றுவேன், விழ வைப்பேன். இந்த முறை தாருக்குள் பாதி புதைந்துபோனாள். வெற்றி!

பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினேன். சுமதி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, தெரியவில்லை.

"இன்னும் எத்தனை தடவைங்க என்னை விழ வைப்பீங்க?"

"இல்ல சுமதி, எந்திரிக்க மாட்டேங்குது. அதைத்தான் சரி பண்றேன். டக்குனு நேரா நிக்க வைக்கணும்..."

"டக்குனு யாரும் எந்திரிக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஸ்க்ரீனைத்தான் பார்த்தாள்.

"விழுந்ததும் மொதல்ல புடவைய இழுத்து விட்டுக்கணும். அப்புறம் யாரு பாத்தாங்கன்னு சுத்திப் பாக்கணும். அப்புறம்தான் கை வலிக்குதுன்னே தெரியும். உங்களுக்கு எங்க தெரியும் அதெல்லாம்?"

இவ்வளவு மாதங்களில் அன்றைய தினத்தைப் பற்றி அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. நான் லேப்டாப்பை மூடினேன்.

"எல்லாரும் ஓடி வந்தாங்க. நல்ல ஜனங்கதான். தண்ணி குடுத்தாங்க, வண்டிய தூக்கி நிறுத்துனாங்க. என் கிளாஸ் புள்ளைங்களோட அம்மாங்க நாலஞ்சு பேரு நின்னாங்க. அப்போ பைக்ல வந்த ஒருத்தர் சொன்னாரு — 'இந்த வயசுல டீச்சருக்கு எதுக்கு வண்டி? சாரக் கொண்டாந்து விடச் சொல்லலாம்ல?'ன்னு. சுத்தி நின்னவங்க அத்தனை பேரும் தலையாட்டுனாங்க. எனக்குக் கை வலிச்சதவிட அது வலிச்சுது."

"அதுக்கெல்லாமா நீ..."

"இருங்க. கட்டுப் பிரிச்ச மறுநாளு, நீங்க பைக்க ஸ்டார்ட் பண்ணிக்கிட்டு வாசல்ல நின்னீங்க. ஓட்டுறியா, பயமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கல. சரி, ஊரே முடிவு பண்ணிடுச்சு போலன்னு நானும் ஏறிக்கிட்டேன்."

"பயமா இருக்கும்னு நெனச்சேன் சுமதி."

"பயம் இல்லன்னு சொல்லலையே. பயந்துக்கிட்டே ஓட்டியிருப்பேன்."

எழுந்து போகும்போது கதவருகில் நின்று சொன்னாள். "அதுலேருந்து என்னை எடுத்துடுங்க. விழறதுக்கு ஆள் வேணும்னா உங்களை வச்சுக்குங்க."

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிக்குப் போனேன், இறங்கினேன். கடைத்தெருவுக்குப் போய், எதற்காக வந்தோம் என்று தெரியாமல் ஒரு சீப்புப் பழம் வாங்கித் திரும்பினேன். ஒருவருக்காகவே ஒரு காரியத்தை மாங்கு மாங்கென்று செய்கிறோம். அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் காரியத்துக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் கேட்பது கஷ்டமாக இருக்கிறது... கோடிங் சுலபமாக இருக்கிறது. என் ஜாதி ஆண்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

திங்கள் மாலை கேமிலிருந்து டீச்சரை எடுத்தேன். ஸ்கூட்டரில் என்னை ஏற்றினேன். வழுக்கை, தொந்தி, வீட்டில் கட்டுகிற வேட்டி, சட்டைப் பையில் பேனா... எதையும் குறைக்கவில்லை. எழுந்திருக்காத பிழையும் பிடிபட்டது. விழுகிற காட்சியைப் பெரிதாக்கியபோது, ஆளுக்குப் போக வேண்டிய 'எழுந்திரு' கட்டளையை வண்டிக்குக் கொடுத்துவைத்திருந்தேன். திருத்தினேன். விழுந்தவர் இப்போது முதலில் உட்காருகிறார், வேட்டியைச் சரிசெய்கிறார், இரண்டு பக்கமும் பார்க்கிறார், அப்புறம்தான் எழுகிறார்.

செவ்வாய்க்கிழமை லேப்டாப்பை சுமதி முன்னால் வைத்தேன். முதல்முறையாக அவளே விளையாடினாள். விளையாடினாள் என்றா சொன்னேன்? ஆட்டில் மோதினாள். டிராக்டரில் மோதினாள். ரோடு காலியாக இருந்தபோது பஸ்ஸுக்காகக் காத்திருந்து மோதினாள். ஒவ்வொரு முறையும் நான் எகிறிப் போய் விழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு திருதிருவென்று விழிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

புதன்கிழமை காலை நான் வழக்கம்போல் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். சுமதி ஹெல்மெட்டோடு வந்து நின்றாள்.

"ஸ்கூட்டர் சாவி எங்க வச்சிருக்கீங்க?"

இப்போது குறுவை அறுவடை நடக்கிறது. அதே ரோட்டில், அதே மாதிரி நெல் கிடக்கிறது. நேற்றுகூட அவளைக் கொண்டுபோய் விட்டபோது பார்த்தேன்.

"இன்னிக்கேவா? அறுப்பெல்லாம் முடியட்டுமே..."

"முடிஞ்சா அடுத்து தாளடி அறுப்பு வரும். சாவி எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். "நான் வேணா பின்னாடியே பைக்ல வரட்டுமா? சும்மா... தூரமாத்தான் வருவேன்."

"வேணாங்க. நீங்க வர்றீங்களான்னு கண்ணாடியிலயே பாத்துக்கிட்டு ஓட்டுவேன். மறுபடி விழுவேன்."

போய்விட்டாள்.

அன்று எனக்கு முதல் இரண்டு மணி நேரம் வகுப்பு இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். பேப்பரை எடுத்தேன். ஒரே தலைப்பைப் பலமுறை படித்தேன். வாசலுக்குப் போனேன். சைக்கிள், கார், பால்காரர் — யாராவது இந்தப் பக்கம் வேகமாக வந்தால், சேதி சொல்லத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது. இந்நேரம் ரயில்வே கேட்டைத் தாண்டியிருப்பாள்... இந்நேரம் கிராமத்து ரோட்டில் திரும்பியிருப்பாள்... இந்நேரம் நெல் கிடக்கிற இடம்.

பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் வந்தது, போனது. போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வகுப்பில் போனை எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? பைக்கை ஸ்டார்ட் செய்தேன். 'வேணாங்க' என்று அவள் சொன்னது காதில் நின்றது. அணைத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். எதிர்வீட்டு அம்மா, "வண்டி ரிப்பேரா சார்?" என்று கேட்டார். "ஆமாங்க," என்றேன். ரிப்பேர் வண்டியில் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கல்லூரிக்குக் கிளம்பிப் பாதி வழியில் போன் துடித்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். சுமதியின் மெசேஜ்.

'சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டு வந்துட்டேன். கொண்டு வராதீங்க.'

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். டீக்கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலையில் அவள் வந்தபோது நான் தெருவில் நின்றேன். தற்செயலாக நிற்பது போல. அவள் நம்பவில்லை.

"அந்த நெல் இருந்துதா?" என்றேன்.

"இருந்துது. பாதி ரோடு. எதிர்ல பஸ் வேற."

"என்ன பண்ணினே?"

"இறங்கினேன். பஸ்ஸ விட்டேன். வண்டிய தள்ளிக்கிட்டே போயி, நெல்லு முடிஞ்ச எடத்துல ஏறிக்கிட்டேன்."

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"நெல்லு கிளறிக்கிட்டிருந்த அம்மா, 'ஓரமா போ தாயி, நெல்ல மிதிச்சுடாத'ன்னாங்க. அவ்ளோதான்."

இத்தனை மாதம் உட்கார்ந்து நான் செய்த கேமில் வேகமாகப் போக ஒரு பட்டன் இருக்கிறது. வளைய இருக்கிறது. பிரேக் இருக்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக பட்டனே இல்லை. ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் விழ வேண்டும் — அவ்வளவுதான் எனக்குத் தோன்றியிருக்கிறது.

பாலுவிடம் சொன்னேன். "இறங்கித் தள்றதுல என்ன சார் த்ரில் இருக்கு?" என்றார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"எப்படியோ, என் கேமால உனக்கு தைரியம் வந்துச்சுல்ல?" என்று சுமதியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பாராட்டு கிடைக்காதா என்ற ஆசைதான்.

"உங்க கேமால ஒண்ணும் வரல. உங்க பைக் சீட்டுல உக்காந்து உக்காந்து முதுகு வலி வந்துச்சு. அதான் எடுத்தேன்."

அடுத்த நாளும் அவளே போனாள். இன்றும் போயிருக்கிறாள். நான் இன்றும் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பழகிவிடும் என்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், நானே சொல்லிக்கொள்வதுதான்.

காலையில் கிளம்பும்போது ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டே கேட்டாள். "ஞாயித்துக்கிழமை பூம்புகார் வரைக்கும் போய்க் கடலப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன். வர்றீங்களா? ஆனா பின்னாடிதான் உக்காரணும்."

சரி என்று சொல்லிவிட்டேன்... வழியில் வாயைத் திறக்கக் கூடாதாம்!