பாம்புக்காதரும் ஸ்கூட்டர் சாவியும்

ஸ்கூட்டர் சாவி வலது காதுக்குள் போனதும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். வாய் கோணும். இடது கால் தரையில் தாளம் போடும். "ஆ... அங்கதான்... அதேதான்..." அந்த நேரத்தில் தெருவே இடிந்து விழுந்தாலும் பாம்புக்காதர் திரும்பிப் பார்க்க மாட்டார். சாவி கைக்கு எட்டாவிட்டால் பேனா மூடி, அதுவும் இல்லையென்றால் மனைவியின் கொண்டை ஊசி.

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குக் கசிவு கேட்கிற வேலை. வண்டிகள் ஓடத் தொடங்குமுன், விடிந்தும் விடியாமலும், ஒரு நீள இரும்புக் கம்பியைத் தார்ச்சாலையில் ஊன்றுவார். மேல்முனையில் உள்ள மரக்குமிழை வலது காதில் அழுத்திக்கொள்வார். அடியில் குழாய் ஒழுகுகிற இடத்தைக் கேட்டே கண்டுபிடித்து, சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். தோண்டினால் தண்ணீர். இருபத்திரண்டு வருடமாக இப்படி. பட்டப்பெயர் சும்மா வரவில்லை. "இடது காது வீட்டுக்கு, வலது காது வேலைக்கு" என்பார். இடது காது அரைகுறையாகத்தான் கேட்கும். மனைவி பேச வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவார், கில்லாடி.

இன்னொரு கிறுக்கும் உண்டு. குழியில் நீர் பீறிட்டதும் ஓடிப்போய் அதற்குத் தலையைக் கொடுத்து நிற்பார். "தலையில தண்ணி விழுந்தாத்தான் வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும்." நனைந்த காதைத் துடைப்பது எது? அதே சாவிதான். அந்தக் காதும் பாவம், எத்தனை நாள் பொறுக்கும்?

போன மாதம் பொறுக்கவில்லை. முதலில் அரிப்பு. பிறகு வலி, தலையணையில் மஞ்சள் கறை. ஒரு வாய்ச் சோற்றை மென்று விழுங்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. "ஒண்ணுமில்ல, சளி இறங்குது" என்று சாவியை இன்னும் கொஞ்சம் ஆழமாக விட்டார். அந்த லட்சணத்தில் வேலைக்கும் போனார். சலூன் வாசலில் கம்பியை ஊன்றியதும் முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா! ஆறே ஓடுது உள்ள!"

இடுப்பளவு தோண்டினார்கள். புழுதி. இன்னும் தோண்டினார்கள். குழாய் பொட்டு ஈரமில்லாமல் சமர்த்தாகக் கிடந்தது. பாதிச் சவரத்தோடு வெளியே வந்த ஒருவர் நுரை தெறிக்கச் சிரித்தார். கம்பியைக் கீழே வைத்த பிறகும் பாம்புக்காதரின் காதில் ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. இரைச்சல் தெருவில் இல்லை, தன் மண்டைக்குள்தான் என்று அப்போதுதான் மனிதருக்குப் புரிந்தது.

பொறியாளர் சத்தம் போடவில்லை. "அடுத்த குழியும் காஞ்ச குழின்னா கசிவு கண்டுபிடிக்கிற மிஷின் வாங்கிடுவேன். நீங்க கிடங்குல போய் உக்காந்துடுங்க" என்றார்.

காது டாக்டரம்மா மடலை லேசாகத்தான் இழுத்தார். இவர் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார்.

"சாவி போட்டுத் திறக்க உள்ள என்ன பீரோவா இருக்கு?"

"அழுக்கும்மா..."

"அது அழுக்கில்ல, குறும்பி. காதுக்குக் காவலே அதுதான். அதையும் நோண்டி எடுத்து, தோலையும் கீறிவிட்டு, மேல தண்ணியும் விட்டா வீங்காம என்ன செய்யும்?"

சீழை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்தில் நனைத்த திரி ஒன்றை உள்ளே வைத்தார். பத்து நாள் சொட்டு மருந்து. பாட்டிலை உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, ஒருக்களித்துப் படுத்து விட வேண்டும். குளிக்கும்போது காதில் வாஸ்லின் தடவிய பஞ்சு. எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற வேலையெல்லாம் கூடாது. "பழையபடி கேக்குமாம்மா?" என்று கேட்டார் இவர். "சாவிய விட்டாக் கேக்கும்."

மனைவி கொண்டை ஊசி முதல் தீக்குச்சி வரை எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினாள். ஸ்கூட்டர் சாவி அவள் கைப்பைக்குள் போனது. பத்து நாளும் இவருக்குப் பஸ்தான். மருந்து விட்டபின் ஐந்து நிமிடம் அசையக் கூடாதே, அந்த ஐந்து நிமிடத்தில் இருபத்திரண்டு வருடப் பேச்சையும் பேசித் தீர்த்தாள். எழுந்து ஓடவா முடியும்? ஏழாம் நாள் வலி போய் அரிப்பு வந்தது.

"ஒரே ஒரு தடவை, சும்மா ஓரத்துல..."

"கிடங்குல உக்காந்து நிம்மதியா குடைஞ்சுக்குங்க, போங்க."

கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா பார்த்து, காது ஆறிவிட்டது, ஆனால் இன்னும் சில வாரம் நனைக்காதீர்கள் என்று அனுப்பிய மறுநாளே அலுவலக ஆட்கள் இவரை ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் அழைத்துப் போனார்கள். பொறியாளரும் வந்து நின்றார். பாம்புக்காதர் கம்பியை ஊன்றினார். ஒன்றுமில்லை. இரண்டடி தள்ளி ஊன்றினார். ஸ்ஸ்ஸ். நம்பவில்லை. கம்பியை எடுத்தார், சத்தம் நின்றது. வைத்தார், வந்தது. மூன்று முறை எடுத்து எடுத்து வைத்த பிறகுதான் குறி போட்டார். பெருக்கல் கோணலாக விழுந்தது.

முழங்கால் ஆழம் வரை வெறும் மண். பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்கும் கீழே, கடப்பாரை ஒரு மண்கட்டியை நெம்பியதும் ஆளுயரத்துக்குப் பீறிட்டது தண்ணீர்.

"அண்ணே, வாங்கண்ணே!" என்று ஆட்கள் வழிவிட்டார்கள்.

பாம்புக்காதர் இரண்டே எட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வலது உள்ளங்கையால் காதை இறுகப் பொத்தியபடி, இடது கையை மட்டும் நீட்டி ஒரு கை தண்ணீர் பிடித்து, தலையின் இடப்பக்கத்தில் பார்த்துப் பார்த்துத் தெளித்துக்கொண்டார்.