கூடைக்கடியில் இருபது வருஷம்

லாட்வியா எல்லையோரம், பிர்ஜாய் என்ற சின்ன ஊரில் நான் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். என் தம்பி விகிந்தாஸ் ஊர்க் கூடைப்பந்து அணியில் ஆடின நாட்களில், கழுத்தில் துணியைக் கட்டியதுமே எல்லாரும் அவனைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள்.

"டாங்குவோலே, நேத்து உன் தம்பி ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் வெளிய போட்டானே. அப்படி என்னத்தைச் சாப்பிட்டான்?"

"உருளைக்கிழங்குதான். உங்க வீட்லயும் அதானே?"

"எங்க வீட்ல யாரும் ரெண்டு மீட்டர் பதினொன்னு இல்லியேம்மா!"

எங்கள் ஊரில் ஒரு பையன் உயரமாக வளர்ந்துவிட்டால், என்ன ஆகப்போகிறாய் என்று அவனை யாரும் கேட்பதில்லை. பதிமூன்று வயதில் விகிந்தாஸ் எங்கள் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். சேதி எப்படித்தான் போனதோ, சீக்கிரமே விளையாட்டுப் பள்ளியிலிருந்து ஒருவர் வந்து அவனை நிற்கவைத்து அளந்தார். அப்பா இல்லாத வீடு. "அங்க வயிறாரப் போடுவீங்களா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். போடுவோம் என்றார். அவன் போனான்.

ஷவ்லேய் நகரத்தில் சில வருஷம், அப்புறம் போலந்து, ருமேனியாவில் ஒரு குளிர்காலம், அதற்குப்பின் எஸ்தோனியா. எங்கேயும் அவன் சென்டர். மற்றவர்கள் சுற்றிவந்து பந்தெறிவதற்காகச் சுவர் மாதிரி நிற்பது அவன் வேலை. கூடைக்கடியில் நின்று விலாவில் முழங்கை வாங்குவதும் அவன் வேலை. மூக்கு இரண்டு தடவை உடைந்தது. செய்தித்தாளில் பெயர் வந்தால் கடைசி வரியில் வரும். போலந்தில் ஒருத்தியோடு குடும்பமாக இருந்தான். எஸ்தோனியாவுக்குப் புறப்பட்டபோது, "இன்னொரு ஊருக்கு என்னால மூட்டை கட்ட முடியாது" என்று அவள் நின்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முப்பத்துநாலு வயதில் ஊர் அணிக்கு ஆட வந்து என் வீட்டில் தங்கினான். காலையில் மாடியிலிருந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குவான். நேராக இறங்க முழங்கால் விடாது. நான் பார்க்காத மாதிரி பாலைக் காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

அந்த வசந்தத்தில் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். அவன் முழங்காலோ வீங்கிக் கிடந்தது. பயிற்சியாளர் ராச்குஸ் காலையிலேயே கடைக்கு வந்து, வெட்டுவதற்கு முடியே இல்லாத தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பத்து நிமிஷம் போதும் டாங்குவோலே. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அவன்கிட்டயே கேக்கறதுதானே?"

"கேட்டேன். 'ம்'னான்."

"அப்ப வருவான். ஆனா இதோட அவனை விட்டுடுங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. "பாக்கலாம்" என்றார்.

பத்து நிமிஷம் என்றது பின்பாதி முழுக்க ஆயிற்று. இன்னொரு சென்டர் ஃபவுல் மேல் ஃபவுலாகி வெளியே போய்விட்டான். விகிந்தாஸ் ஓடவில்லை, நடந்தான். நடந்தே கூடைக்கடியில் இடத்தைப் பிடித்து, தள்ளினவர்களைத் தாங்கினான். ஜெயித்தோம். கூட்டம் கத்தி ஓயுமுன்னே கூடைப்பந்துக் கழகத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "நம்ம விகிந்தாஸ் அடுத்த வருஷமும் நமக்காக ஆடுறார்!"

அவனை யாரும் கேட்டிருக்கவில்லை. பெஞ்சில் காலை நீட்டிக் கிடந்தவன் மெள்ள எழுந்துபோய் மைக்கை வாங்கினான்.

"இல்ல, ஆடல. எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. இந்த ஆட்டம் எனக்கு ஒருநாளும் பிடிச்சதில்ல. எடுத்த வேலைய ஒழுங்கா செஞ்சேன், அவ்வளவுதான். இனிமே வரமாட்டேன்."

எங்கள் நாட்டில் அது கோயிலுக்குள் நின்று சாமி இல்லை என்று சொல்வதுபோல. மேல்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி, "போப்பா, போய்ப் படு!" என்று கத்தினாள். சிலர் கை தட்டினார்கள், சிலர் விசிலடித்துத் திட்டினார்கள். நிறையப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

வீட்டில் முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டினேன்.

"சொல்லிருக்கக் கூடாதோக்கா?"

"நெசமாவே பிடிக்கலியாடா?"

யோசித்தான். "பசங்களோட பஸ்ல திரும்பி வர்றது பிடிச்சுது. ஜன்னல் பக்கம், எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க. பந்து... அது பாட்டுக்கு வந்துச்சு."

ஊர் முறைத்துக்கொண்டது. கோடைவரை என் கடைக்குச் சிலர் வரவில்லை. பிறகு வேறு கடையில் காதைக் கிழித்தார்களோ என்னவோ, ஒவ்வொருவராக வந்தார்கள். அவன் இடத்துக்கு அணி ஒரு லாட்வியா பையனைக் கொண்டுவந்தது. ஆனாலும் அடுத்த வருஷம் கீழே போனது. அதற்கும் என் தம்பியைத்தான் சொன்னார்கள்.

அவனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இப்போது நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். குனியாமல் உட்காரலாம், பேச ஆளில்லை, அது போதும் என்கிறான். களைப்பு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குத் தூண்டிலோடு போய் வெறுங்கையோடு வந்தான்.

"மீன் எங்கடா?"

"கடிக்கல" என்றான். ஈர பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனான். நான் எழுப்பவில்லை.