இரவல் நாக்கு

காய்ச்சல் அடித்தது நாலே நாள்தான். ஐந்தாம் நாள் லென்ஸக்கா வேலைக்குப் போய்விட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்து மாட்டுகிற வேலை. பதினாறு வருஷமாக அதையே செய்ததில் கடைக்காரர்கள் வைத்த பெயர் தெரு முழுக்கப் பரவி, சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்கிற நிலைமைக்கு வந்திருந்தது.

பிளாஸ்டிக் பிரேமைச் சூடு காட்டி இளக்கித்தான் லென்ஸை உள்ளே அமுக்க வேண்டும். பதம் வந்ததும் மெல்லிசாக ஒரு வாசனை எழும். அதுதான் அவளுக்கு மணி அடிக்கிற மாதிரி. சூட்டுப் பெட்டியின் வாயில் பிரேமை வைத்துவிட்டு, அவள் பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த சீட்டை எழுதுவாள். வாசனை வந்ததும் திரும்பி எடுப்பாள். அன்றும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். வாசனை வரவில்லை. முதலாளிதான் வந்தார், இருமிக்கொண்டே.

"என்னம்மா, கடையையே கொளுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

திரும்பிப் பார்த்தால் அறை முழுக்கப் புகை. யாரோ ஒரு வாத்தியாருடைய பிரேம், காதில் மாட்டும் தண்டு கருகிச் சுருண்டு கிடந்தது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். சோப்பு, பூண்டு, வினிகர், கடைசியில் கணவரின் வேலைச் சட்டை. அவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸும் வியர்வையும் கலந்த அந்தச் சட்டை ஒரு காலத்தில் அடுத்த அறைவரை வந்து தன் வரவைச் சொல்லும். இப்போது வெறும் துணி. ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்தாள். மணல் மாதிரி நறநறத்துக் கரைந்துபோனது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "காய்ச்சல் நரம்பைத் தொட்டிருக்கு. ஆறு மாசத்துல திரும்பி வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

"வராமலே போகுமா?"

"போகலாம்."

"சரி" என்றாள். அழுவாள் என்று நினைத்துக் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்திய டாக்டர், அதை மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார்.

மூன்று பேர் இருக்கிற வீடு. அவள், கணவர், அவருடைய தங்கை. தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருபது வருஷத்துக்கு முன்பே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டவள். பேச்சு எப்போதும் அப்படித்தான் என்பதால் வீட்டில் அவளைப் 'பட்டாசு' என்று கூப்பிடுவார்கள். பட்டாசுக்கும் லென்ஸக்காவுக்கும் சண்டை கிடையாது; பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்துவைத்து ஒதுங்கிப்போகிற மாதிரி ஒரு பழக்கம்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் லென்ஸக்கா வழக்கம்போலத்தான் சமைத்தாள். கணவர் தட்டைக் காலி செய்து, "நல்லா இருக்கு" என்றார். பட்டாசு முதல் வாயை விழுங்கிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரையும் விழுங்கினாள்.

"அண்ணி, இது கடல். இதுல கப்பல் விடலாம்."

மறுநாளிலிருந்து சமையலைப் பட்டாசு எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்தது சோறும் அவித்த முட்டையும். லென்ஸக்காவுக்கு அதுவும் ஒன்றுதான், வேறெதுவும் ஒன்றுதான். ஈரக் காகிதத்தை மென்று தின்பது போலிருந்தது. தெரிந்த சாப்பாடுதான் ரொம்பக் கஷ்டம். கண் பார்த்ததும் நாக்கு தயாராகிவிடும். வாயில் வைத்தால் அங்கே ஆளே இருக்காது. இரண்டு மாதத்தில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. வருத்தமா என்று கேட்டவர்களிடம் இல்லை என்றாள். அது உண்மைதான். வருத்தம் என்று ஒன்று இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது உட்கார்ந்திருக்கலாம்.

சமையலறை கையைவிட்டுப் போனதால் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளுக்கு வேலை இல்லாமல் போனது. அந்த நேரத்தில் பட்டாசு தொலைக்காட்சியில் கொரியத் தொடர் பார்ப்பாள். தமிழில் பேசவைத்திருப்பார்கள், வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். வேறு போக்கிடம் இல்லாமல் லென்ஸக்காவும் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். கதை அவள் மண்டையில் ஏறவில்லை. வேலை போன ஒரு பெண் வக்கீல், பனி கொட்டுகிற தெருவில், தள்ளுவண்டிக் கடை முன்னால் நின்று அழுதுகொண்டே ஏதோ தின்றாள். விரல் அளவு வெள்ளைக் கட்டைகள், சிவப்புக் குழம்பில் மிதந்தன. ஆவி பறந்தது.

"அது என்னது?"

"தொக்பொக்கி. அரிசி மாவுல பண்றது."

"எப்படி இருக்கும்?"

"நான் என்ன அங்கயா பொறந்தேன்? வாரம் அஞ்சு நாள் பாக்கறேன், ஒரு நாள்கூட தின்னதில்ல."

லென்ஸக்கா திரையையே பார்த்தாள். அந்தச் சிவப்பைப் பார்த்து அவள் நாக்கு எதற்கும் தயாராகவில்லை. அதற்கு அந்தப் பண்டத்தைத் தெரியாது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சாப்பாட்டை எந்தத் தொந்தரவும் இல்லாமல் பார்க்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளே சமையலறைக்குள் போனாள். அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, கை பொறுக்கிற சூட்டில் மறுபடி அடித்துப் பிசைந்து, கயிறு போல உருட்டி வெட்டினாள். வெட்டுகிற வேலையில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. ஒவ்வொரு துண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. குழம்புக்கு வேண்டிய மிளகாய் விழுது கடையில் கிடைக்கவில்லை. மிளகாய்த்தூள், சர்க்கரை, சோயா சாஸ், பூண்டு என்று இருப்பதை வைத்துக் கலக்கிக் கொதிக்கவிட்டாள். நிறம் மட்டும் திரையில் பார்த்தது போலவே வந்தது.

முதல் துண்டைக் கடித்தாள். காது மடலைக் கடிப்பது போலப் பல்லுக்கு இடம் கொடுத்து, பிறகு எதிர்த்தது. மெல்ல மெல்ல நாக்கின் ஓரத்தில் எரிச்சல் ஏறியது. காரம் ருசியில் சேராது, அது ஒரு வகை வலி, அதனால் அது மிஞ்சும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. வாயில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. பதினேழு துண்டு தின்றாள்.

கணவர் நாலு துண்டு சாப்பிட்டு, "நல்லா இருக்கு" என்றார்.

பட்டாசு ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "பசையைத் தின்ற மாதிரி இருக்கு. பூண்டு வேகல. சர்க்கரையைக் கொட்டி வச்சிருக்கீங்க."

லென்ஸக்கா அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். "எவ்வளவு கூட?"

"எவ்வளவுன்னா?"

"ஒரு கரண்டி கூடவா, அரைக் கரண்டியா?"

பட்டாசு ஒரு நிமிஷம் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்படி ஆரம்பித்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமையலறையில் இரண்டு பேர். சமைப்பது ஒருத்தி, ருசி சொல்வது ஒருத்தி. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்கிற பேச்சே அங்கே கூடாது. முதலில் என்ன வருகிறது, அடுத்து என்ன, தொண்டையில் என்ன நிற்கிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். பட்டாசுக்கு அது லேசில் வரவில்லை.

"முதல்ல இனிப்பு. அப்புறம் காரம், பின்கழுத்துக்குப் போகுது. நடுவுல என்னமோ காலியா இருக்கு."

"காலியா இருக்கறது புளிப்பா இருக்கும்" என்று அரைக் கரண்டி வினிகரை விடுவாள் லென்ஸக்கா. "இப்போ?"

"இப்போ ஆள் வந்தாச்சு."

முட்டையை மெல்லிசாக ஊற்றிச் சுருட்டிச் சுருட்டி எடுக்கிற பண்டம் மூன்றாம் முறையில் கைக்கு வந்தது. பெரிய கடையில் கடற்பாசித் தாள் கிடைத்ததும் கிம்பாப் செய்தாள். சோற்றைப் பரப்பி, கேரட்டும் கீரையும் முட்டையும் வைத்துச் சுருட்டி, வட்ட வட்டமாக வெட்டி அடுக்கினால் தட்டு நிறையக் கண்கள் முழித்துப் பார்ப்பது போலிருந்தது. தொக்பொக்கியின் மேல் சீஸைத் துருவிப் போடுவது பட்டாசின் யோசனை. நாள்பட்ட ரொட்டியைக் கரகரவென்று வறுத்து அதே குழம்பில் புரட்டியது லென்ஸக்காவின் யோசனை. "இதைக் கொரியாக்காரன் பார்த்தா கேஸ் போடுவான்" என்றாள் பட்டாசு, இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே.

சந்தோஷமாக இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. வெட்டினாள், உருட்டினாள், கேட்டாள், குறித்துக்கொண்டாள். இத்தனைக்கும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆனால் வளையல் முழங்கைக்கு ஏறுவது நின்றது.

வெயில் காலம் தொடங்கியபோது கிம்ச்சி போட்டாள். முட்டைக்கோஸில் உப்பைத் தடவி ஊறவைத்துக் கழுவி, அரிசிக் கஞ்சியில் மிளகாய்த்தூளும் பூண்டும் இஞ்சியும் முள்ளங்கியும் சேர்த்து இலை இலையாகப் பூசி, பெரிய கண்ணாடி ஜாடியில் அமுக்கி, மாடிப்படித் திருப்பத்தில் இருந்த ஜன்னல் மேடையில் வைத்தாள். பட்டாசுக்கு அந்த வாரம் வெளியூரில் பயிற்சி. மூன்றாம் நாள் வேலை முடிந்து லென்ஸக்கா வந்தபோது, கீழ் வீட்டு வாசலில் இரண்டு ஆட்கள் சாக்கடை மூடியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ் வீட்டம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி நின்றாள்.

"எங்கேயோ எலி செத்துக் கிடக்குதுங்க. ரெண்டு நாளா குடலைப் பிடுங்குது. உங்களுக்கு வரலையா?"

"வரலைங்க" என்று சொல்லி மேலே ஏறினாள். திருப்பத்தில் ஜாடியின் மூடி ஓரமாக நுரை தள்ளி, சிவப்பு நீர் சுவரில் கோடு போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே போய் அந்த ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒருவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. லென்ஸக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஜாடியைத் தூக்கிப் போனாள்.

கணவர் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தினமும் காலையும் மாலையும் அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் அவர் போய் வருகிறார்.

"உங்களுக்கு வாடை வரலையா?"

"வந்துச்சு."

"எப்போலேருந்து?"

"முந்தாநாள்லேருந்து."

"ஏன் சொல்லல?"

அவர் செய்தித்தாளை மடித்தார். "நீயே ஆசையா ஒண்ணு செய்யற. சொன்னா வருத்தப்படுவியேன்னுதான்."

"அன்னைக்குக் கடல் மாதிரி உப்பு இருந்துச்சே. அதையும் நல்லா இருக்குன்னீங்க."

"ம்."

"அப்போ இந்தப் பதினெட்டு வருஷமும்?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

லென்ஸக்கா ஜாடியைச் சமையல் மேடையில் வைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்திருக்க வேண்டிய கோபம்தான். அது வருவதாகக் காணோம். மனுஷன் பொல்லாதவர் இல்லை, இது நாள்வரை கைநீட்டியதோ குரல் உயர்த்தியதோ கிடையாது. அந்தப் பதினெட்டு வருஷத்தை இனி எந்த நாக்கால் சரிபார்ப்பது என்று மட்டும் ஒரு யோசனை ஓடியது. ஜாடியைக் கழுவித் துடைத்துக் குளிர்பெட்டியில் ஏற்றினாள்.

பயிற்சி முடிந்து வந்த பட்டாசு விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு இலையைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டு, இன்னொரு இலையையும் கிழித்துக்கொண்டாள்.

"அண்ணி, இது சரியா வந்திருக்கு."

"வரிசையாச் சொல்லு."

"வரிசையெல்லாம் இல்ல. எல்லாம் ஒண்ணா வருது."

பயிற்சியிலிருந்து ஒரு செய்தியையும் அவள் கொண்டுவந்திருந்தாள். பயிற்சி எதற்கென்றால், வேறு ஊரில் புதிதாகத் திறக்கிற பேருந்து நிலையத்தில் மேற்பார்வைப் பொறுப்பு. போக ஆறு மணி நேரம். இவளேதான் கேட்டு வாங்கியிருந்தாள்.

"எப்போ போகணும்?"

"அடுத்த மாசம். ஏன் அண்ணி, போகாதேன்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல. போ."

"சும்மா ஒரு பேச்சுக்காவது சொல்லலாம்ல!"

"பேச்சுக்குச் சொல்றவங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே" என்றாள் லென்ஸக்கா. பட்டாசு அண்ணனைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடியதை அந்த வீடு அதற்கு முன் கண்டதில்லை.

கிளம்புகிற அன்று காலை, தொடரில் பிறந்தநாளுக்குக் குடிக்கிற கடற்பாசி சூப்பை லென்ஸக்கா வைத்துக் கொடுத்தாள். பட்டாசுக்கு அன்று பிறந்தநாள் இல்லை. "உப்பு ஒரு சிட்டிகை கம்மி" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வருஷம் முடிந்து டாக்டரிடம் போனபோது அவர் நாலு குப்பிகளை ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடித்தார். நாலுக்கும் இல்லை என்றாள். இனி வருவதற்கு வாய்ப்புக் குறைவு என்றார். இந்த முறை கைக்குட்டைப் பெட்டியை அவர் தொடவில்லை. கடையில் பிரேமைச் சூடு காட்டும்போது அவள் இப்போது மனசுக்குள் எண்ணுகிறாள். பதினொன்றில் எடுத்தால் சரியாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. கொரியத் தொடர்களில் மழை நாளில் வெங்காயத்தாள் போட்டு மொறுமொறுவென்று ஒரு ரொட்டி சுடுவார்கள். மாவைக் கரைத்து, தாளை நீளமாக வெட்டிப் பரப்பி, எண்ணெயைத் தாராளமாக விட்டாள். வெளியே மழையும் உள்ளே எண்ணெயும் ஒரே மாதிரிச் சத்தம் போட்டன. சுட்டெடுத்து, கத்தரிக்கோலால் சுற்றிலும் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். மெத்தென்றிருந்த நடுப்பகுதியைக் கணவருக்கு வைத்தாள். அவளுக்குப் பல்லில் சத்தம் போடுவது வேண்டும். நடுவில் அவளுக்கு ஒன்றும் இல்லை.

அவர் இரண்டு வாய் தின்றார். அவள் தட்டைப் பார்த்தார். இருமினார்.

"எனக்கும் கொஞ்சம் ஓரம் வேணும்" என்றார். "இந்த நடு எனக்குப் பிடிக்கல. மாவா இருக்கு."

லென்ஸக்கா மெல்லுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்து பாதி ஓரத்தை எடுத்து அவருக்குப் போட்டாள். இரண்டு பேரும் சத்தமாக மென்றார்கள். மாவு இன்னும் மிச்சம் இருந்ததால் அவள் எழுந்துபோய் அடுத்ததை ஊற்றினாள், இந்த முறை இன்னும் மெல்லிசாக.