ஊசிக்கு முன் ஒரு கேள்வி

செல்வராணி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வார்டில் காலை ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசியைப் பார்த்தேன், பையில் போட்டேன், அடுத்த கட்டிலுக்குப் போனேன். அழுவதற்குக்கூட மாற்று ஆள் வந்தாக வேண்டும் நமக்கு. அவரோடு பெண்கள் வார்டில் வேலை பார்த்த தோழிகளே, உங்களுக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.

அவரை நாம் எல்லோரும் திட்டியிருக்கிறோம். இறந்துவிட்டார் என்பதற்காக அதை மறைக்க வேண்டாம். ஒரே டூட்டியில் இருந்தால், அவர் ஒப்படைக்கத் தாமதித்து எத்தனையோ நாள் எனக்குத் திருவரங்குளம் பஸ் தவறிப்போயிருக்கிறது. ஊசிக்கு முன் ஒவ்வொருவரிடமும் பேர், ஊர் எல்லாம் விசாரிப்பார். "என்ன சிஸ்டர், ஊசி போடுறீங்களா, பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேலி செய்வார். "தப்பான எடத்துல முடிஞ்சா ரெண்டையும் திருப்பி எடுக்க முடியாதுங்க சார்" என்பார் செல்வராணி.

ஒரு கோடையில் ஆவூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு ஆரோக்கியமேரிகள் ஒன்றாகப் படுத்திருந்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்குக் காய்ச்சல். மின்விசிறிக்கு நேராக இருந்த கட்டிலை, பாவம் பார்த்துச் சர்க்கரைக்காரம்மா மற்றவருக்குக் கொடுத்திருந்தார். நம் ஊரில் கட்டில் மாறினால் யார் வந்து சொல்கிறார்கள்? செல்வராணி இன்சுலினோடு போனார்.

"ஒங்க பேரு என்னங்க?"

"ஆரோக்கியமேரிங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

அந்தம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். புருஷன் பேரைச் சொல்வாரா? பக்கத்துக் கட்டில்காரியைப் பார்த்து, "நீ சொல்லு ஆத்தா" என்றார். "சூசைங்க" என்றாள் அவள். இன்சுலின் சீட்டில் இருந்த சர்க்கரைக்காரம்மாவின் புருஷன் பேர் அந்தோணி. காய்ச்சலில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த உடம்பு அது. அந்த ஊசி ஏறிச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அந்தோணி வீட்டம்மாதானேன்னு கேட்டிருந்தா ஆமான்னுருப்பாங்கடி. மருந்தோட நிக்கிறவகிட்ட இல்லைன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வராது. பேரை நாம சொல்லக் கூடாது, அவங்க வாயிலேருந்து வரணும்" என்றார் செல்வராணி. பிறகு நோயாளி பேரை எழுதிக் கையில் கட்டும் பட்டை வந்தது. அது தீர்ந்தும் போனது. கட்டில்கள் கூடின, நாம் கூடவில்லை. அவர் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவரே திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு நர்ஸ் ஊசியோடு வந்தாள். முகத்தில் நம்முடைய அதே அசதி. "மல்லிகாம்மாதானே?" என்றாள்.

செல்வராணி கண்ணைத் திறக்காமல் "ஆமாம்மா" என்றார்.

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். மல்லிகா பக்கத்துக் கட்டில். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. செல்வராணி மீதுதான் கோபம் வந்தது. "நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாமலாடி?" என்றார். "இல்லைன்னு சொல்லவும் தெம்பு வேணும். ஆமான்னுட்டா சும்மா விட்டுருவாங்கன்னு இருந்துச்சு. அப்படிக் கேட்டிருந்தா அந்த மேரிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்போல. இத்தனை வருசம் கேட்டேன், இது இப்பத்தான் தெரியுது." சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நான் வெளியே வந்து அழுதேன்.

செய்தி வந்த அந்தக் காலையில் அடுத்த கட்டிலுக்குப் போனேன் என்றேனே, அங்கே மணமேல்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் படுத்திருந்தார். நான் சேர்த்த நோயாளிதான், பேர் எனக்கு நன்றாகத் தெரியும். ஊசிகள் இன்னும் நிறைய மிச்சமிருந்தன, கால் கடுத்தது.

"ஒங்க பேரு என்னங்க?" என்றேன்.

"ஏம்மா, ஒனக்குத் தெரியாதா? கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"நீங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்றேன். அவர் சொல்லும்வரை நின்றேன். செல்வராணியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அப்படி நிற்பதைத்தான்.